காட்பாடி காந்தி நகர் இங்கிலீஷ் வகுப்பு: ஒரு வருஷம் பையனை அனுப்பிப் பார்த்த அனுபவம்

காந்தி நகரில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டு மாடியில் ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் ஆங்கிலம் எடுக்கிறார். போர்டு கிடையாது, நோட்டீஸ் கிடையாது, யாராவது சொல்லிக் கேள்விப்பட்டுத்தான் போக வேண்டும். சனி, ஞாயிறு காலை இரண்டு இரண்டு மணி நேரம், புதன்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். மாசம் 800 ரூபாய். என் பையன் போன ஜூனில் சேர்ந்தான், இப்போது ஏழாவது முடித்திருக்கிறான். சேர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருப்பதால் நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஏன் சேர்த்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். போன வருஷம் மாசியில் வள்ளிமலைத் தேருக்குப் போக அவனுக்கு இரண்டு நாள் லீவு தேவைப்பட்டது, மாமியார் ஊர் அந்தப் பக்கம்தான். லெட்டர் எழுதிக்கொண்டு வாடா என்றேன், ஐந்து நிமிஷத்தில் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தான். படித்தால் "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று இருக்கிறது. உனக்கு எங்கேடா காய்ச்சல் என்று கேட்டேன். "இந்த லெட்டர்தான்பா எனக்குத் தெரியும்" என்றான். அரையாண்டில் ஆங்கிலத்தில் 88 மார்க் வாங்கிய பையன், எங்க ஆயா ஊர்ல தேர் என்று சொந்தமாக ஒரு வரி எழுத முடியவில்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் வேலை பார்க்கிறேன், வெளிநாட்டு பையர் அனுப்பும் நாலு வரி மெயிலுக்குப் பதில் எழுத ஆரம்ப காலத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் டவுனில் வேறு ஒரு டியூஷன் சென்டருக்கு இரண்டு மாசம் அனுப்பினோம். மாசம் 1,500. தினமும் பிரிண்ட் எடுத்த ஷீட், கோடிட்ட இடம் நிரப்புவது நாற்பது. எஸ்டர்டே என்று இருந்தால் வினைச்சொல்லின் இறந்த காலம் போடு, அவ்வளவுதான். நாற்பதுக்கு முப்பத்தெட்டு சரியாகப் போடுவான். அதே பையனிடம் நேற்று என்ன செய்தாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் "எஸ்டர்டே ஐ கோ" என்று ஆரம்பிப்பான். கட்டத்துக்குள் போட்ட இலக்கணம் கட்டத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

இந்த டீச்சர் முதல் நாளே ஒரு பத்தியைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஹார்ஸ் என்று இருக்கிற இடத்தில் ஹவுஸ் என்று படித்தான். தாட், தோ, த்ரூ மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். எழுத்தைப் பார்த்து அவன் படிக்கவில்லை, வார்த்தையின் முதல் எழுத்தையும் நீளத்தையும் பார்த்து ஊகித்துக்கொண்டு போகிறான் என்று டீச்சர் சொன்னார். ஆறு வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளை! அதனால் முதல் ஆறு வாரம் அவனுக்கு வெறும் ஒலிகள்தான். தொப்பி என்கிற ஹேட்டுக்கும் (hat) வெறுப்பு என்கிற ஹெய்ட்டுக்கும் (hate) நடுவில் கடைசி 'ஈ' என்ன செய்கிறது, 'டி-ஐ-ஓ-என்' சேர்ந்தால் ஏன் ஷன் என்று வருகிறது, இப்படி. ஏழாவது பையனுக்கு ஒன்றாங்கிளாஸ் பாடமா என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் கோபமாகவும்கூட இருந்தது. ஆனால் ஆகஸ்ட் வாக்கில் பஸ்ஸில் போகும்போது கடை போர்டுகளைத் தானாகப் படிக்க ஆரம்பித்தான், அப்புறம் நான் வாயே திறக்கவில்லை.

இலக்கணம் எடுக்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போவதில்லை. நாம் ஓர் ஊர், ஒரு வீடு என்று எழுதுகிறோம் இல்லையா, அதிலிருந்துதான் 'ஏ', 'ஆன்' தொடங்குகிறது. ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்காதே, காதில் விழுவதைக் கேள் என்கிறார். அதனால்தான் சிஎம்சி டாக்டருக்கு முன்னால் 'ஏ', எம்எல்ஏவுக்கு முன்னால் 'ஆன்'. யூனிவர்சிட்டி 'யு'வில் ஆரம்பித்தாலும் 'ஏ'தான், மணி நேரம் என்கிற 'hour'-இல் எச் இருந்தாலும் அது காதில் விழாது, அதனால் 'ஆன்'தான். 'தி' எங்கே போடுவது என்று எனக்கே இந்த வயசு வரை தெளிவாகத் தெரியாது. கடையில் "நோட்டு வாங்கி வா" என்பதற்கும் "நோட்டை வாங்கி வா" என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளைக் கேட்டாராம். இரண்டாவதில் எந்த நோட்டு என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த 'ஐ' வருகிற இடத்தில் பெரும்பாலும் 'தி' வரும், எல்லா இடத்திலும் இல்லை, அதையும் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். அதே மாதிரி நமக்கு 'இல்' ஒன்று, அவர்களுக்கு மூன்று: வேலூரில் என்றால் இன், பஸ் ஸ்டாண்டில் என்றால் அட், மேசையில் என்றால் ஆன் (on). பிள்ளைகள் தப்பு செய்வது கவனக்குறைவால் இல்லை, தமிழில் சரியாக யோசிப்பதால்தான் என்பது அவர் கருத்து. எனக்கும் அது சரி என்றே படுகிறது.

'ஹேட்' போட்டு எழுதும் பாஸ்ட் பெர்ஃபெக்ட்டுக்கு அவர் எடுத்தது நம் வேலூர்க் கோட்டை. பிள்ளைகள் எல்லாரும் போய்ப் பார்த்த இடம், ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகாதவர்கள் யார் இருக்கிறார்கள்? 1806 ஜூலை 10 விடியற்காலை ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள், புதுத் தலைப்பாகை வேண்டாம், நெற்றிக் குறியை அழிக்கச் சொல்லாதே, தாடியை எடுக்கச் சொல்லாதே என்ற கோபம். திப்புவின் பிள்ளைகளும் அப்போது அந்தக் கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டுவிட்டார். இதை எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தானே எழுதிக் கொடுத்துப் படிக்க வைத்து, அப்புறம் கேட்டிருக்கிறார்: "கில்லெஸ்பி வந்தபோது சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தார்கள்" என்று சொல்லலாமா? எல்லாரும் சிரித்தார்களாம், அவர் வந்த பிறகு எப்படிப் பிடிப்பார்கள்? பிடித்திருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த 'இருந்தார்கள்'தான் உன் 'ஹேட்' என்றிருக்கிறார். பையன் வீட்டுக்கு வந்து இதை எனக்கு நடத்திக் காட்டினான். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு டென்ஸையும் அட்டவணையாக மனப்பாடம் செய்த எனக்கு, அது எதற்காக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

எழுதுவது விஷயத்தில் பெற்றோர் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். வாரம் ஒரு பக்கம், சொந்த விஷயம் மட்டும்: வீட்டில் கரண்ட் போனது, பாலாற்றில் தண்ணீர் வந்ததைப் போய்ப் பார்த்தது, அம்மா கத்திரிக்காய் வாங்கும்போது பேரம் பேசியது. எல்லாத் தப்பையும் அவர் திருத்துவதில்லை. இந்த வாரம் வினைச்சொல் என்றால் வினைச்சொல் மட்டும், அதுவும் தப்பு இருக்கிற வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான், எது தப்பு என்று பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். நோட்டைப் பார்த்துவிட்டு நான் நேரே போய்க் கேட்டேன், என்னங்க டீச்சர், ஸ்பெல்லிங் இவ்வளவு தப்பு இருக்கு, அப்படியே விட்டுட்டீங்களே என்று. "சார், மொத்தத்தையும் சிவப்பாக்கினா அடுத்த வாரம் பையன் அரைப் பக்கம்தான் எழுதுவான்" என்றார். செப்டம்பரில் முக்கால் பக்கம் எழுதியவன் ஜனவரியில் இரண்டு பக்கம் எழுதினான். ஸ்பெல்லிங் இன்னும் சுமார்தான், மறைக்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. மாடியில் ஷீட் கூரை, ஏப்ரலில் காலை பத்து மணிக்கு மேல் உட்கார முடியாது, இரண்டு ஃபேன் வேலூர் வெயிலுக்கு எந்த மூலைக்கு? பன்னிரண்டு பிள்ளைகள், மூன்று வகுப்பும் கலந்து, அதனால் எட்டாவது பிள்ளைகள் பதில் சொல்லும்போது ஆறாவது பிள்ளைகள் அடங்கிவிடுகிறார்கள். பேச்சுப் பயிற்சி மிகக் குறைவு. ஒரு நாள் விட்டால் அந்தப் பாடம் போனதுதான், திரும்ப எடுப்பதில்லை. போன் செய்தால் ராத்திரிதான் எடுப்பார்.

முக்கியமாக, மார்க்குக்காக என்றால் அனுப்பாதீர்கள். காலாண்டில் அவன் மார்க் 74க்கு இறங்கியது. கேள்விக்குக் கைடில் உள்ள பதிலை எழுதாமல் சொந்த வாக்கியத்தில் எழுதியிருந்தான், பள்ளிக்கூடத்தில் மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். பதில் சரியாகத்தான் இருந்தது. எனக்கு அது பெரிய வருத்தம், என் மனைவி வகுப்பை நிறுத்திவிடலாம் என்றே சொன்னாள். அரையாண்டில் 79 வந்தது. இன்னும் பழைய 88 வரவில்லை. பத்தாவது பரீட்சையை மனசில் வைத்து ஆறாவதிலேயே டெஸ்ட் டெஸ்ட்டாக எழுத வைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது.

இந்த மாசியிலும் தேருக்குப் போனோம். லெட்டரை அவனே எழுதினான். வள்ளிமலையில் எங்கள் ஆயா வீடு இருக்கிறது, தேரை ஊர்க்காரர்கள் வடம் பிடித்து இழுப்பார்கள், போன வருஷம் நான் தொட மட்டும் செய்தேன், இந்த வருஷம் இழுக்க ஆசைப்படுகிறேன், இரண்டு நாள் லீவு வேண்டும். மொத்தம் ஆறு வாக்கியம். 'டெம்பிள் கார்' என்பதில் ஸ்பெல்லிங் தப்பு, நான் திருத்தவில்லை. கிளாஸ் டீச்சர் லீவும் கொடுத்து, திரும்பி வந்ததும் இழுத்தியா என்றும் கேட்டாராம்.

சின்னவள் வரும் ஜூனில் ஆறாவது. அவளுக்கும் சொல்லி வைத்துவிட்டேன். பன்னிரண்டு பேருக்கு மேல் அவர் எடுப்பதில்லை, அதனால் அனுப்ப நினைப்பவர்கள் மே மாசத்துக்குள் நேரில் போய்ப் பேசிவிடுங்கள், பிள்ளையையும் கூடவே அழைத்துப் போங்கள், முதல் நாளே படிக்க வைத்துப் பார்ப்பார்.