அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியா, கம்பிக் கதவும் கேமராவுமா?

அப்பா 2023 நவம்பரில் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை அம்மா என்னை அழைத்துப் பீரோவைத் திறந்து காட்டினார். கீழ்த்தட்டில், பழைய ராணுவக் கம்பளியில் சுற்றி வைத்த 12-போர் (குழலின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி. "இதை என்ன செய்வது என்று நீயும் தம்பியும் பேசி முடிவு சொல்லுங்கள். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை" என்றார்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. பெங்களூரு மர்ஃபி டவுனில் இருக்கும் அந்த வீட்டை விட்டு வரமாட்டார். நான் ஒயிட்ஃபீல்டில் இருக்கிறேன், தம்பி ஹூஸ்டனில். அம்மாவின் பாதுகாப்புக்கு எது சரி என்று மூன்று மாதம் பேசினோம். உரிமத்தை வாரிசுப் பெயருக்கு மாற்றித் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொள்வது ஒரு வழி. அதைக் கொடுத்துவிட்டு வாசலுக்குக் கம்பிக் கதவு, வெளிச்சம், கேமரா என்று போடுவது இன்னொரு வழி. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். நான் அந்தப் பக்கம் நின்றவள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையில் ஹவில்தார். அந்தப் படையின் தலைமையகம் அல்சூர் ஏரியை ஒட்டியது. வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து அங்கே சேர்ந்து, ஓய்வுக்குப் பிறகு ஊர் திரும்பாமல் சுற்றுவட்டாரத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் ஏராளம். ஓய்வு பெற்றவருக்கு வங்கிக் காவலர் வேலை கிடைக்கும். சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் இருந்தால் எளிதாகக் கிடைக்கும். அப்பா 1991-இல் உரிமம் எடுத்தது அதற்காகத்தான். பிழைப்புக்கான கருவியாக வந்தது, வேலை முடிந்த பிறகு வீட்டுக்குக் காவலாகப் பேர் மாறி நின்றுவிட்டது.

தம்பியின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. அவன் வாழும் டெக்சாஸில், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள பெரியவர்கள் 2021 செப்டம்பர் முதல் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். அவனிடமும் ஒன்று இருக்கிறது. "அக்கா, திருடன் உள்ளே வந்துவிட்ட பிறகு கேமரா என்ன செய்யும்? படம் எடுக்கும். அவ்வளவுதான்" என்றான். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5 அன்று ராஜராஜேஸ்வரி நகரில் தம் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டார். அந்த வீட்டில் கேமரா இருந்தது. தலைக்கவசம் அணிந்தவனை அது பதிவு செய்தது, தடுக்கவில்லை.

சட்டமும் தம்பியின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும் வீடு உடைத்து நுழைபவனிடமிருந்து சொத்தைக் காக்கும்போது, அவன் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தற்காப்பு உரிமை நீளலாம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று 37-ஆம் பிரிவு கட்டுகிறது. எது தேவை என்பதை இருட்டில், கண்புரை அறுவை முடிந்த ஓர் அம்மா, மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு நொடியில் தீர்மானிக்க வேண்டும்.

வாங்குவது, மாற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆயுத விதிகள் 2016-இன்படி, உரிமம் பெற்றவர் இறந்த பிறகு வாரிசு விண்ணப்பிக்கலாம். உரிமம் பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு எழுபது வயதானாலோ இருபத்தைந்து ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அப்போதும் மாற்றலாம். மற்ற வாரிசுகளின் சம்மதம், பயிற்சிச் சான்றிதழ், உடல் நலமும் மன நலமும் குறித்த மருத்துவச் சான்றிதழ், பூட்டிப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி, காவல் நிலைய விசாரணை எல்லாம் வேண்டும். பெங்களூருவில் உரிமம் தருபவர் மாநகரக் காவல் ஆணையர். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுகள் செல்லும், முன்பு மூன்று. அலைச்சல்தான், ஆனால் முடியாத காரியம் இல்லை. ஒரு நாய் வளர்க்கலாமே என்று பலர் சொன்னார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி, அதைத் தினம் நடத்திச் செல்ல ஆள் இல்லை. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

என்னை முடிவுக்குத் தள்ளியது பராமரிப்பு. எண்ணெய் போடுவதை, குழலைத் துடைப்பதைச் சொல்லவில்லை. அதை அப்பா ஆயுத பூஜைக்கு முன்பும் மழைக்காலம் முடிந்த பிறகும் தவறாமல் செய்வார், அரை மணி நேர வேலை. நான் சொல்வது, வீட்டிலுள்ள மனிதர்கள் துப்பாக்கிக்குக் காவல் இருக்க வேண்டியதை.

முப்பத்திரண்டு ஆண்டுகளில் எங்கள் குடும்பம் முழுதாக வீட்டைப் பூட்டிவிட்டு எங்கும் போனதில்லை. குடியாத்தத்தில் கெங்கையம்மன் திருவிழா என்றால் மூன்று பேர் போவோம், ஒருவர் வீட்டில் இருப்போம். பெரும்பாலும் அம்மாதான் இருப்பார். தம் தங்கை மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கு மட்டும் போய், சாப்பிட்டதும் பஸ் ஏறித் திரும்பினார். நகை திருடு போனால் நமக்கு நஷ்டம், துப்பாக்கி திருடு போனால் அது போகும் இடத்திலெல்லாம் நம் பெயரும் போகும் என்பார் அப்பா. அவர் சொன்னது சரி. உரிமத்தில் துப்பாக்கியின் எண் இருக்கிறது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பீரோ சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்திருந்தார். குளிக்கும்போதும் கழற்றியதில்லை.

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்த அன்று செவிலியர் அந்தக் கயிற்றை அறுத்துச் சாவியை அம்மா கையில் கொடுத்தார். அதன் பிறகு அப்பா இருந்த இரண்டு ஆண்டுகளும் சாவி அம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். நாள் முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அம்மா தோட்டாக்களை எடுத்து அரிசி டிரம்மின் அடியில் புதைத்து வைத்தார். அப்பா காலமான பிறகுதான் இதை எனக்குச் சொன்னார். அப்பா அப்படி எதுவும் செய்யக்கூடியவர் அல்லர் என்று நான் சொன்னபோது, "எனக்கும் தெரியும். ஆனாலும் வைத்தேன்" என்றார். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை என்பதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் வெகுநேரம் பேசவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த அரிசி டிரம் இருந்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பூட்டி, தோட்டாவைத் தனியே வைத்தால்தான் அது ஆபத்தில்லாத பொருள். அப்படி வைத்தால் நள்ளிரவில் முடிச்சை அவிழ்த்து, பீரோவைத் திறந்து, கம்பளியைப் பிரித்து, அரிசிக்குள் கைவிட்டு எடுப்பதற்குள் வந்தவன் போய்விட்டிருப்பான். அவசரத்துக்கு உதவும்படி நிரப்பித் தலைமாட்டில் வைத்தால், விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இல்லை. நடுவில் ஒரு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். 2018 சட்டமன்றம், 2019 மக்களவை, மீண்டும் 2023 சட்டமன்றம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இரண்டு மாதம் துப்பாக்கி வீட்டில் இல்லை. 2023-இல் நான்தான் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த மாதங்களில் மட்டும் அம்மா சாயங்காலம் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய் நிதானமாக உட்கார்ந்துவிட்டு வந்தார். இதை அப்போது கவனிக்கவில்லை, பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது.

விற்பனை மதிப்பைக் கணக்கில் சேர்ப்பவர்களுக்கு: உரிமம் உள்ளவருக்கு மட்டுமே விற்க முடியும். வேட்டைக்குத் தடை. வாங்க நினைப்பவர்கள் கேட்பது சிறிய ரிவால்வர். உரிமம் பெற்ற ஆயுத வியாபாரி எங்களுக்குத் தந்தது ஒன்பதாயிரம் ரூபாய்.

அந்தரங்கம் என்று வந்தால் தராசு என் பக்கம் அவ்வளவு சாயவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவரின் விவரம் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில், தனி அடையாள எண்ணோடு இருக்கிறது. இது இருக்க வேண்டியதுதான் என்பது என் கருத்து. தம்பி இதை ஏற்கமாட்டான். அமெரிக்காவில் மத்திய அரசு அப்படியொரு பதிவேட்டை உருவாக்கக்கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அவன் பயத்துக்குக் காரணமும் உண்டு. 2012 டிசம்பரில் நியூயார்க் புறநகர்ப் பத்திரிகை ஒன்று இரண்டு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்போரின் பெயரையும் முகவரியையும் வரைபடமாகவே வெளியிட்டது. பெரும் எதிர்ப்பு எழுந்து, அடுத்த மாதம் அதை நீக்கினார்கள். 2022-இல் கலிபோர்னியா நீதித் துறையின் இணையதளத்திலிருந்தே ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் உரிம விவரங்கள் கசிந்தன. 1878-இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்து ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்ததையும் தம்பி சொன்னான். பட்டியல் எடுப்பவன் நாளை பறிப்பான் என்ற சந்தேகம் அந்தச் சரித்திரத்தில் வேர் விட்டது. அதை மதிக்கிறேன்.

கேமரா மட்டும் என்ன? துப்பாக்கி ஒரு வீட்டின் விவரத்தைத்தான் அரசுக்குக் கொடுக்கிறது. கேமரா தெருவையே எழுதி வைக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி முதல் நாளே வந்து, "நான் விடியற்காலை கோலம் போடுவதும் இதில் விழுமா?" என்று கேட்டார். விழுந்தது. அன்றே கோணத்தைத் திருப்பி எங்கள் வாசற்படியும் பக்கச் சந்தும் மட்டும் தெரியும்படி வைத்தோம். கூடத்தில் ஒன்று வைத்தால் ஹூஸ்டனிலிருந்தே அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றான் தம்பி. அம்மா ஒரே சொல்லில் மறுத்தார்: "வேண்டாம்." அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்த புட்டசாமி இதே பெங்களூருவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. பிள்ளைகளின் அன்பின் முன்னாலும் அந்த உரிமை அம்மாவுக்கு உண்டு என்பதைத் தம்பிக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

படங்களை இணையத்தில் சேமிக்கும் வகையை வாங்கவில்லை. கம்பி வழி இணைப்பு, மூன்று கேமரா, வீட்டுக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க். பொருத்த வந்தவர் போட்டுவிட்டுப் போன கடவுச்சொல்லை அன்று மாலையே மாற்றினேன். நீங்களும் மாற்றுங்கள், இதைப் பலர் செய்வதில்லை. மடிப்புக் கம்பிக் கதவு, ஆள் அசைவுக்கு எரியும் இரண்டு விளக்குகள் உட்பட மொத்தம் நாற்பத்தோராயிரம் ரூபாய் ஆயிற்று. கேமராவைவிடக் கம்பிக் கதவுதான் அம்மாவுக்குத் தைரியம் தந்தது. கதவைத் திறக்காமலே வந்தவரிடம் பேச முடிகிறது.

திருட்டு முயற்சி எதுவும் இதுவரை நடக்கவில்லை. ஆகவே இந்த ஏற்பாடு காப்பாற்றுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தனித்த தோட்டத்து வீட்டில், போலீஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் இடத்தில் இருப்பவருக்கும் இதையே சொல்வேனா என்றால், மாட்டேன். என்னுடன் வேலை செய்யும் தோழி குடகைச் சேர்ந்தவர். அங்கே வாழும் கொடவர் சமூகத்தினருக்கு உரிமம் எடுப்பதிலிருந்தே விலக்கு உண்டு, 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்து வணங்கும் வீட்டில் வளர்ந்தவரிடம் என் கணக்கு செல்லாது. அவர் வீட்டில் அதைக் கையாளத் தெரிந்தவர்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் போய்விட்டார்.

2024 பிப்ரவரியில் துப்பாக்கியையும் மிச்சமிருந்த பதினொரு தோட்டாக்களையும் ஒப்படைத்தோம். வியாபாரி தந்த ரசீது, உரிமத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கான கடிதம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல் மூன்றையும் ஒரே உறையில் போட்டு அதே பீரோவில் வைத்தேன். அந்தப் பொங்கலுக்கு வராத அம்மா, சித்திரையில் குடியாத்தம் போய்ப் பதினொரு நாள் இருந்தார். வீட்டுச் சாவி எதிர்வீட்டுப் பாட்டியிடம் இருந்தது.

அதற்கு முன்பு, மார்ச் கடைசியில், மக்களவைத் தேர்தலுக்காகக் காவலர் ஒருவர் கையில் பட்டியலோடு வந்தார். அப்பா பெயரைச் சொல்லி, துப்பாக்கியை இன்னும் ஏன் ஒப்படைக்கவில்லை என்று கேட்டார். அம்மா கம்பிக் கதவுக்கு உள்ளிருந்தபடியே அந்த உறையை நீட்டினார். அவர் மூன்று காகிதங்களையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பட்டியலில் அப்பா பெயருக்கு எதிரே பேனாவால் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.