133 அதிகாரம்: பரிசா, கொண்டாட்டமா?

தமிழ் வளர்ச்சித் துறையின் திருக்குறள் முற்றோதல் பரிசுக்காக 1330 குறளையும் மனப்பாடம் செய்யப்போவதாக ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் சொன்னாள். எல்லாம் முடித்தால் கடைசியில் ஒரு சைக்கிள் வாங்கித் தரலாம் என்ற யோசனையை உடனே விட்டுவிட்டோம். பத்து வயதுக்கு அது எட்டாத தூரம். அதிகாரத்துக்கு ஒரு பரிசா, அதிகாரத்துக்கு ஒரு சின்னக் கொண்டாட்டமா? இரண்டையும் செய்து பார்த்து, இப்போது கொண்டாட்டத்தில் நிற்கிறோம்.

பரிசு வேகமாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஜெல் பேனா, ஸ்டிக்கர் என்று முதல் பத்து நாளில் ஆறு அதிகாரம் முடிந்தது.

ஆனால் 133 முறை தாங்க வேண்டுமே! அதிகாரத்துக்கு 50 ரூபாய் என்றாலும் 6,650 ரூபாய். பணத்தைவிட, "இனியவை கூறல் முடிச்சா என்ன தருவீங்க?" என்ற பேரம்தான் என்னை உறுத்தியது. அப்புறம், புதிய அதிகாரத்துக்குத்தான் பரிசு என்பதால் பழையதை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஏழாவது அதிகாரத்துக்கு வந்தபோது வான்சிறப்பு பாதி மறந்திருந்தது. முற்றோதலில் 1330-ம் நினைவில் நிற்க வேண்டும்.

1973-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு அவர்கள் தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல் திடீரென்று கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை.

இப்போது அதிகாரம் முடிந்த இரவு, சாப்பிடும்போது பாட்டியிடம் பத்துக் குறளும் சொல்வாள். பாட்டி பழைய அதிகாரங்களிலிருந்து மூன்று குறளின் முதல் சீரை எடுத்துக்கொடுப்பார்; அவள் முடிக்க வேண்டும். எல்லோரும் கைதட்டுவோம். சுவரில் ஒட்டிய 133 கட்டத்தில் ஒன்றுக்கு வண்ணம் அடிப்பாள். ஐந்து நிமிடம், செலவில்லை, பழைய பாடமும் மறக்கவில்லை. நூறாவது குறளான 'இனிய உளவாக' வந்த அன்று ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். 38 அதிகாரம் முடிந்து அறத்துப்பால் நிறைந்த அன்று, முன்கூட்டிச் சொல்லாமல் பாயசம் வைத்தேன்.

இது ஒரே குழந்தையின் அனுபவம், அதுவும் 52-வது அதிகாரம் வரைதான். நாலு பேர் முன் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது சரிவருமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்தில் முடியும் காரியத்துக்கு ஸ்டிக்கரே போதும். அண்ணன் மகனைப் பல் தேய்க்கப் பழக்கியது அதுதான்.

போன வாரம் பாட்டிக்குக் காய்ச்சல். அதிகாரத்தை முடித்துவிட்டும், அவர் எழுந்து உட்காரும்வரை மூன்று நாள் அந்தக் கட்டத்தை வெள்ளையாகவே விட்டிருந்தாள்.