கோவியின் கழுத்துப்பட்டை: மூன்று மாதம் கட்டிப் பார்த்ததில்

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நாயின் கழுத்தில் கட்டும் ஜிபிஎஸ் கருவி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, எடை 40 கிராம். உள்ளே ஒரு சிம் இருக்கிறது. நாய் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களைக் கொண்டு கணக்கிட்டு, செல்பேசிக் கோபுரம் வழியாக நமக்கு அனுப்புகிறது. விலை 7,499 ரூபாய். அதற்கு மேல் ஆண்டுச் சந்தா 2,388. தயாரித்தவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதிக்கு எங்கள் மலைதான் பொறுப்பு. அந்தப் பழியை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது.

இனி நாய். மூன்று வயது, சிப்பிப்பாறை என்ற நாட்டு வேட்டை நாய் இனம், ஆண், செவலை நிறம். முழுப்பெயர் கோவிவன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஆநிரை காக்கும் சண்டையில் மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதாம், பெயர் கோவிவன். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் பெயர் வாங்கிய நாய்! குட்டியைத் தூக்கி வந்த அன்றே அந்தப் பெயரை வைத்தேன். கூப்பிடுவது கோவி. பெயருக்கும் நாய்க்கும் எவ்வளவு தூரம் என்பது பின்னால் வருகிறது.

ஏற்காடு மலையில் கொட்டச்சேடு பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். ஐப்பசி மழையில் ஒரு நாள் கோவி காணாமல் போய், ஒன்றரை நாள் கழித்துச் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தான். இந்தப் பக்கம் இப்போது காட்டெருமைகள் தோட்டத்துக்குள்ளேயே மேய்கின்றன. காட்டெருமையின் முன்னால் போய் நின்று குரைத்தால் என்ன ஆகும் என்று சிப்பிப்பாறைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தீபாவளி முடிந்ததும் இந்தக் கருவியை வரவழைத்தேன்.

கட்டிய அரைமணி நேரத்தில் கழற்றிப் போட்டுவிட்டான். கருவியோடு வரும் நைலான் பட்டை, தலை பெருத்த நாய்களுக்காகச் செய்தது. சிப்பிப்பாறைக்கும் கன்னி இன நாய்க்கும் தலை, கழுத்தைவிட அகலமாக இருக்காது. பின்னால் இழுத்தால் பட்டை காதைத் தாண்டி வந்துவிடும். சேலம் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். நாயைக் கூட்டி வந்தீர்களா என்று கேட்டார். வரவில்லை என்றதும், நூலால் அளவெடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் நூலோடு போனேன். இரண்டு அங்குல அகலத்தில், உள்ளே மெத்தென்ற தோல் வைத்து, இழுத்தால் இறுகி, விட்டால் தளரும்படி வளையம் போட்டு, கருவிக்கு ஒரு சிறு பையும் தைத்துக் கொடுத்தார். 350 ரூபாய். அன்றிலிருந்து ஒரு முறைகூடக் கழன்றதில்லை. ஒல்லி நாய் வைத்திருப்பவர்கள் இந்தச் செலவையும் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மின்கலம் ஏழு நாள் நிற்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். எனக்கு மூன்று நாள் நிற்கிறது. கோபுரம் எட்டாத இடத்தில் கருவி விடாமல் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும்; அந்தத் தேடலே மின்கலத்தைக் குடித்துவிடுகிறது. எங்கள் தோட்டத்தில் மேட்டுப் பகுதியில் மட்டும் சிக்னல் இருக்கும், ஓடைப் பக்கம் அறவே கிடையாது. அதாவது நாய் கண்ணெதிரே நிற்கும்போது கருவி பளிச்சென்று வேலை செய்கிறது. நாய் பள்ளத்தில் இறங்கிக் கண்ணுக்கு மறைந்ததும் அதுவும் வாய் மூடிக்கொள்கிறது. தொலைந்த நாயை அந்த நிமிடமே கண்டுபிடிக்கத்தான் இதை வாங்குகிறீர்கள் என்றால், ஏற்காட்டின் பள்ளங்களில் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

எல்லை மணியும் இப்படித்தான். செல்பேசி வரைபடத்தில் தோட்டத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிட்டால், நாய் கோட்டைத் தாண்டியதும் செல்பேசி கத்தும். திறந்தவெளியில் இது சரியாக இருக்கலாம். சில்வர் ஓக்கும் பலாவும் கூரை போட்ட காப்பிக்குள் செயற்கைக்கோள் கணக்கு இருபது, முப்பது மீட்டர் தடுமாறுகிறது. திண்ணையில் சுருண்டு படுத்திருந்த நாய், பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விட்டதாக ஒரே நாளில் பதினோரு முறை செய்தி வந்தது. இரண்டாவது வாரம் மணியை அணைத்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போது தெரியவில்லை.

மார்கழி பிறந்தபோது கோவியின் போக்கு மாறியது. பகலெல்லாம் தூக்கம். காலைச் சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துகொள்வான். குளிர் தாங்கவில்லை என்று நினைத்தேன். இந்த இனத்துக்கு உடம்பில் கொழுப்பும் இல்லை, போர்த்திக்கொள்ள ரோமமும் இல்லை. என் மனைவி தன்னுடைய பழைய கம்பளிச் சட்டையின் கையை வெட்டி அவனுக்கு மாட்டிவிட்டாள். அப்படியும் தேறவில்லை. சேலத்தில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் இதயத்துடிப்பு பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கடைசியில் பாதத்தைத் திருப்பிப் பார்த்து ஒரு நெருஞ்சி முள்ளைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார்.

"ராத்திரியில் ஓடுகிறானா?"

"இல்லை, திண்ணையில்தான் படுக்கிறான்."

"பாதம் தேய்ந்திருக்கிறது. ஓடாத நாய்க்கு இப்படித் தேயாது."

எங்கள் தோட்டத்தில் நெருஞ்சி இல்லை. இலைச்சருகு மூடிய ஈர மண். அங்கே அது முளைக்காது. வெயிலில் காய்ந்த சமவெளிப் பூமியின் முள் அது.

மருத்துவமனை வாசலில் நின்றபடியே செல்பேசியில் 'பழைய பாதை' என்ற பக்கத்தை முதல்முறையாகத் திறந்தேன். இந்தக் கருவியில் நான் மெச்சும் அம்சம் இது ஒன்றுதான். சிக்னல் இல்லாத நேரத்தில் இடத்தைக் குறித்து உள்ளேயே சேமித்து வைத்துக்கொண்டு, கோபுரம் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடுகிறது. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

டிசம்பர் 18, இரவு 11.25: காப்பி காயவைக்கும் களத்தின் ஓரம். 11.31: கேட். ஆறு நிமிடத்தில் நானூறு மீட்டர். மனிதன் நடக்கும் வேகம். நாய் தன் விருப்பத்துக்குப் போனால் இப்படிப் போகாது. கேட்டைத் தாண்டியதும் மணிக்கு 25, 30 கிலோமீட்டர், ஒரே சீராக, வளைவுகளில் மட்டும் குறைந்து குறைந்து, குப்பனூர் மலைப்பாதையில் இறங்குகிறது. அது மோட்டார் சைக்கிள். கீழே இறங்கிய பின் அறுத்து முடித்த கடலைக்காடு, அதற்கப்பால் ஒரு கரடு. அங்கேதான் கோடு மாறுகிறது. பத்து நிமிடம் அசைவே இல்லை. திடீரென்று மணிக்கு 47 கிலோமீட்டர், அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை, நூல்கண்டு சிக்கியதுபோல முடிச்சும் வளைவுமாக ஒரு கிறுக்கல். பிறகு மறுபடியும் அசைவில்லை. மீண்டும் ஒரு கிறுக்கல். காலை 4.40க்கு நாய் திண்ணையில் இருக்கிறது.

அந்தக் கிறுக்கலைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. என் அப்பா 1972க்கு முன் நாய்களோடு வேட்டைக்குப் போனவர். பன்றிக்குக் கோம்பை, முயலுக்குச் சிப்பிப்பாறை என்பார். சிப்பிப்பாறை மூக்கை நம்பி ஓடுவதில்லை, கண்ணை நம்பி ஓடுகிறது. முயல் எழும்பியது தெரிந்தால் அம்புபோல் பாயும். முயலோ நேராக ஓடாது, சட்டென்று ஒடித்துத் திரும்பும். அது திரும்பிய ஒவ்வோர் இடமும் படத்தில் ஒரு முடிச்சு. பனிக்காலத்தில் ஏன் என்பதற்கும் அப்பாவிடம் பதில் இருந்தது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணிவதில்லை, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் தணிய வேண்டும். சித்திரையில் ஓர் ஓட்டத்தோடு உட்கார்ந்துவிடும் நாய், மார்கழி இரவில் நாலு ஓட்டம் ஓடும். அறுவடை முடிந்து காடு வெறிச்சென்று கிடப்பதால் முயலுக்கு ஒளிய இடமும் இருக்காது.

ஆனால் அது அப்பா காலம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வதோடு துரத்துவது, கண்ணி வைப்பது, விரட்டுவது எல்லாம் அடங்கும். அதற்கு முயற்சி செய்வதும் அடங்கும். முயலைப் பிடிக்க முயன்றாலே குற்றம். பொங்கலுக்குப் பாரி வேட்டை என்று கிளம்புகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. வாழப்பாடிப் பக்கம் வங்காநரியைப் பிடித்து அதன் முகத்தில் விழித்துவிட்டு விடுகிறவர்களுக்கே வனத்துறை அபராதம் போடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வனக்காப்பாளரிடம் பேச்சுவாக்கில், நம் நாயை யாராவது கொண்டுபோனால் என்ன ஆகும் என்று கேட்டு வைத்தேன். "நாய் யாருடையது என்பதுதானே ஐயா முதல் கேள்வி" என்றார். நல்ல மனிதர், அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பழைய பாதையைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்ததில் இதே பயணம் இன்னும் மூன்று இரவுகளில் இருந்தது. ஒரு முறையும் குரைப்புச் சத்தம் கேட்டதில்லை. கள்ளனைக் கடித்துக் கல்லில் பெயர் வாங்கியவன் கோவிவன். எங்கள் கோவி கள்ளனோடு வாலாட்டிக்கொண்டே வண்டி ஏறியிருக்கிறான். அப்படியானால் கள்ளன் வீட்டு ஆள். இந்த நாய் குரைக்காத ஆட்கள் மூன்றே பேர். நான், என் மனைவி, காப்பி பறிப்புக்கு ஒத்தாசையாகக் கீழேயிருந்து வந்து தங்கியிருக்கும் என் தங்கை மகன்.

அன்றிரவு சாப்பாட்டில் எதுவும் பேசாமல் செல்பேசியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, வெகுநேரம் பார்த்தான். மறுப்பான் என்று எதிர்பார்த்தேன். "47 ஆ மாமா?" என்றான். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு என் மனைவி திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள், சிரிப்பை மறைக்க.

பிறகு திட்டவேண்டிய அளவு திட்டினேன். அவனும் இரண்டு நண்பர்களும், ஒரு வண்டி, ஒரு நெற்றிவிளக்கு. நாலு இரவில் கிடைத்தது இரண்டு முயல். காணும் பொங்கலுக்குப் பெரிதாகப் போவதாக இருந்தார்களாம். அந்த நண்பர்கள் இனி மலையேறி என் வீட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டவன், கடைசியில் ஒன்று சொன்னான்: "தப்புதான் மாமா. ஆனால் அவன் ஓடப் பிறந்தவன். இந்தக் காப்பிச் செடிக்குள் எங்கே ஓடுவான்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாலு ஏக்கரில் நாற்பது அடி நேராக ஓட முடியாது. ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த உடம்பைக் கொண்டுவந்து திண்ணையில் கட்டிப்போட்டது நான்.

இப்போது ஞாயிறுதோறும் விடியற்காலையில் அயோத்தியாப்பட்டணம் பக்கம் நண்பர் ஒருவரின் தரிசுக்குப் போகிறோம். மூன்று ஏக்கர், சுற்றிலும் கம்பிவேலி. மருமகன் பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றில் கயிறு சுற்றி, நுனியில் வெள்ளைப் பிளாஸ்டிக் பையைக் கட்டி, மிதிகட்டையைச் சுழற்றிப் பையை இழுக்கிறான். கோவிக்கு அது முயல் இல்லை என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஓடுகிறான். சமவெளியில் சிக்னல் தாராளம். பத்து நொடிக்கு ஒரு புள்ளி வீதம் நேரலையாகப் பார்க்கலாம். அந்த வேலைக்கு இந்தக் கருவி அருமையாக இருக்கிறது. நேரலையில் விட்டால் மின்கலம் ஆறு மணி நேரம்தான், எங்களுக்கு ஒரு மணி நேரமே தாராளம். இதுவரை அதிகபட்சம் 51.

இன்னும் இரண்டு சில்லறைக் குறைகள். மார்கழிப் பனியில் மின்னேற்றும் செம்பு முனைகள் பச்சை பூத்துவிட்டன. வாரம் ஒரு முறை பழைய பல் துலக்கியால் தேய்க்க வேண்டியிருக்கிறது. செயலியில் தமிழ் இருக்கிறது, ஆனால் அந்தத் தமிழைப் படித்து ஒரு வேலையும் செய்ய முடியாது. 'நாய் தப்பித்தல் வெற்றி' என்று ஒரு செய்தி வருகிறது. வெற்றி யாருக்கு என்றுதான் புரியவில்லை.

மதிப்பெண் கேட்டால் சமவெளியில் இருப்பவர்களுக்கு ஐந்துக்கு நாலு, மலையில் இருப்பவர்களுக்கு இரண்டரை. எல்லை மணியை அணைத்தாலும் பழைய பாதையை வாரம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள்.

எல்லை மணியை மறுபடி போட்டிருக்கிறேன். என் செல்பேசிக்கு வீட்டுக்குள் சிக்னல் வராததால் மருமகனின் செல்பேசியிலும் செயலியை ஏற்றியாயிற்று. இரவில் நாய் கோட்டைத் தாண்டினால் முதலில் விழித்து ஓடவேண்டியவன் இப்போது அவன்தான். சந்தா அக்டோபரில் முடிகிறது. புதுப்பிக்கும்போது பாதிப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறான், பறிப்புக் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறான்.