ஒகேனக்கல் ஏற்றமும் கிராங்கில் கட்டிய சென்சாரும்

தர்மபுரிக்காரர்களுக்குச் சைக்கிளில் ஒரு தனித் தண்டனை உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் மலைக்குப் போனால் முதலில் ஏறிவிடுவார்கள், வரும்போது காற்று வாங்கிக்கொண்டே இறங்கலாம். நாங்கள் ஒகேனக்கல் போனால் எல்லாம் தலைகீழ். பென்னாகரம் தாண்டியதும் காட்டுக்குள் சுகமாக இறங்கிவிடுவோம். வறுத்த மீனும் தின்றாகிவிடும். அப்புறம் வெயில் ஏற ஏற நாமும் ஏற வேண்டும். இருட்டோடு கிளம்பிச் சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றால், அது யானை நடமாடும் காடு.

அந்த ஏற்றத்தில்தான் என் வலது முட்டி பேச ஆரம்பித்தது. 2023 டிசம்பரில் கேடன்ஸ் சென்சார் வாங்கினேன் என்றால் அதற்கு முட்டிதான் காரணம். வேகத்தைக் கூட்டும் ஆசையெல்லாம் நாற்பத்தாறு வயதில் எனக்கில்லை.

தெரியாதவர்களுக்காக: பெடல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் கேடன்ஸ். அதை எண்ணிச் சொல்லும் கருவி இது. பழைய வகையில் கிராங்கில், அதாவது பெடலை அச்சோடு இணைக்கும் தண்டில், ஒரு காந்தமும் சட்டத்தில் ஒரு சென்சாரும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் கூடினாலும் எண்ணாது. நான் வாங்கியது காந்தம் இல்லாத வகை. தீப்பெட்டியில் பாதி அளவு. கிராங்கோடு சேர்ந்து சுற்றும்போது அந்தச் சுழற்சியைத் தானே உணர்ந்து, ப்ளூடூத்திலும் ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா இணைப்பிலும் அனுப்பிவிடும்.

கட்டுவது ஐந்து நிமிட வேலை என்றது பெட்டியில் இருந்த தாள். அதை எழுதியவர் சைடு ஸ்டாண்டு போட்ட சைக்கிளைப் பார்த்திருக்க மாட்டார். வலப் பக்கம் செயினும் பல்சக்கரமும் இருப்பதால் இடது கிராங்கின் உட்புறத்தில்தான் கட்ட வேண்டும். படத்தில் காட்டியபடி பெடலை ஒட்டிக் கட்டிக்கொண்டு தெருமுனைகூடத் தாண்டவில்லை, சுற்றுக்கு ஒருமுறை டக், டக். மடக்கி வைத்த ஸ்டாண்டில் இடிக்கிறது. ஸ்டாண்டைக் கழற்றலாமா என்று அரைமணி நேரம் யோசித்த பிறகுதான் உறைத்தது, எண்ணுவது சுற்றைத்தானே, தூரத்தை இல்லையே. கிராங்கின் நுனியில் இருந்தாலும் அச்சுக்குப் பக்கத்தில் இருந்தாலும் சுற்று ஒன்றுதான். நாலு விரற்கடை உள்ளே தள்ளிக் கட்டினேன், சத்தம் போய்விட்டது. கட்டியதும் ஏறி உட்காராமல், பெடலைக் கையால் பின்பக்கமாக மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். உரசினால் அப்போதே தெரிந்துவிடும்.

கூடவே வந்த ரப்பர் வளையம் ஒரு கோடைகூட முழுசாகத் தாங்கவில்லை. மே மாதம் எடுத்துப் பார்த்தால் வெடிப்பு விட்டு, இழுத்ததும் அறுந்துவிட்டது. எங்கள் தெரு பஞ்சர் கடை அண்ணனிடம் கொண்டுபோனேன்.

"என்ன சார், காலுக்கு வாட்ச் கட்டிட்டீங்களா?"

"ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு எண்ணும்ணா."

"எண்ணி?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவரும் அதற்குக் காத்திருக்கவில்லை. பழைய சைக்கிள் ட்யூப் ஒன்றை எடுத்து, வெங்காயம் அரிவதுபோல் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு அரிந்தார். அந்த வளையத்தைச் சென்சாரின் ஒரு காதில் மாட்டி, கிராங்கைச் சுற்றி இழுத்து, மறு காதில் கோத்துவிட்டார். பெடலைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை. கேபிள் டை போடலாம் என்பார்கள், நானும் போட்டுப் பார்த்தேன். வழவழப்பான கிராங்கில் மெல்ல நகர்ந்துவிடுகிறது. ட்யூப் துண்டு நகராது.

அவர் கேட்ட "எண்ணி?"க்குப் பதில் அதற்கு முன்பே ஒகேனக்கல் ஏற்றத்தில் எனக்குக் கிடைத்திருந்தது, அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. என் சைக்கிளில் முன்னால் மூன்று பல்சக்கரம்: 48, 38, 28. பின்னால் 11 பல்லில் தொடங்கி 32 வரை எட்டு. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்துக்கு நான் இறங்கியதே இல்லை. ஏனோ அது கிழவர்களுக்கானது என்று ஒரு நினைப்பு. முதல் தடவை ஹேண்டில்பார் மீட்டரின் திரையைப் பார்த்துக்கொண்டு ஏறியபோது முன்னால் 38, பின்னால் 24. வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர், கேடன்ஸ் 39. உரலை இழுத்துக்கொண்டு நடப்பது மாதிரி ஒவ்வொரு மிதியும் முக்கி முக்கி விழுகிறது. அடுத்த ஞாயிறு, வெட்கத்தை விட்டு முன்னால் 28, பின்னால் 28 போட்டேன். அதே இடம், அதே எட்டு கிலோமீட்டர். திரையில் 61.

அதாவது வேகத்தில் ஒரு பைசா நஷ்டமில்லை. மலை கேட்கும் வேலை ஒன்றுதான். அதை 39 மிதியில் கொடுத்தால் ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்த வேண்டியிருக்கும், அந்தக் கூடுதல் பாரம் முட்டியிலும் இறங்கும். இத்தனை வருடம் மலையைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என் இடது கைக் கட்டைவிரலில் இருந்தது, அது கியரைத் தட்டவே இல்லை.

முட்டி வலி இப்போது இல்லை. ஆனால் அந்த மாதமேதான் சீட்டையும் ஒரு அங்குலம் உயர்த்தினேன். எனவே பெயர் முழுவதையும் சென்சாருக்கே எழுதிக்கொடுக்க மாட்டேன்.

அடுத்த மூன்று மாதம் கொஞ்சம் பைத்தியம் பிடித்தது என்றே சொல்ல வேண்டும். எங்கே படித்தாலும் 90 சுற்று, 90 சுற்று. அதியமான்கோட்டைப் பக்கம் சமதளச் சாலையில் லேசான கியரைப் போட்டு 90-ஐத் துரத்தினேன். சீட்டில் உட்கார முடியாமல் குதிக்கிறேன், மூச்சு வாங்குகிறது. கால் வேகமாகச் சுற்றும்போது தசைக்குக் குறையும் பாரம் நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் போகிறது. வருடக்கணக்கில் பழகியவர்களுக்கு அது ஒத்துவரும். என் உடம்பு சமதளத்தில் 70 முதல் 75 வரைதான் கேட்கிறது, அங்கேயே விட்டுவிட்டேன்.

சராசரிக் கணக்கிலும் ஏமாந்தேன். ஒரே பயணத்துக்கு செல்போன் 57 என்றது, ஹேண்டில்பார் மீட்டர் 71 என்றது. சென்சார் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். இறக்கத்தில் மிதிக்காமல் சும்மா வரும் நேரத்தை ஒன்று சைபராகக் கணக்கில் சேர்க்கிறது, இன்னொன்று விட்டுவிடுகிறது. அவ்வளவுதான் சங்கதி. அமைப்புகளில் மாற்றலாம். ஒகேனக்கல் மாதிரி பாதி தூரம் இறக்கமாக இருக்கும் பாதைக்கு சைபரைச் சேர்க்காமல் விடுவதே நல்லது.

இணைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. போனின் ப்ளூடூத் பக்கத்தில் போய்த் தேடாதீர்கள், ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலிக்குள்தான் சேர்க்க வேண்டும். என்னுடையது ப்ளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசும். செயலி பிடித்துக்கொண்டால் மீட்டருக்குக் கிடைக்காது. மீட்டரை ஆன்ட் பிளஸ்ஸில் இணைத்த பிறகு சண்டை தீர்ந்தது. அதில் எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

பேட்டரி சி.ஆர். 2032. கார் சாவியில் போடும் அதே வட்டப் பேட்டரி. எண்ணிலேயே அளவு இருக்கிறது: குறுக்கே 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. வாரம் நாலைந்து மணி நேரம் ஓட்டும் எனக்கு முதல் பேட்டரி பதினோரு மாதம் வந்தது. அதை மாற்றிய அன்று ஒரு கூத்து. கேடன்ஸ் காணாமல் போய், வேகம் என்ற இடத்தில் என்னென்னவோ எண் ஓடுகிறது. காசை வீணாக்கினேன் என்று வீட்டில் ஒரு பாட்டு வேறு. கடைசியில் பார்த்தால், இந்த ஒரே கருவி சக்கரத்தில் கட்டினால் வேகமானி, கிராங்கில் கட்டினால் கேடன்ஸ். பேட்டரியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிவிடும். மாட்டியதும் மின்னும் விளக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நிறம் தப்பென்றால் இன்னொரு முறை கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். மூடியைத் திறக்க ஒரு ரூபாய் நாணயம் போதும், ஆனால் மூடியின் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் வளையம் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஐப்பசி மழையில் போனால் உள்ளே துரு.

இப்போது காவேரிப்பட்டணம், கே.ஆர்.பி. அணை என்று சமதளமாகப் போகும் நாட்களில் அந்த எண்ணை நான் பார்ப்பதே இல்லை. கால் தானாக 70-ஐ ஒட்டி ஓடுகிறது. ஏற்றத்தில் மட்டும் பார்க்கிறேன். 55-க்குக் கீழே போனால் கட்டைவிரல் கியரைத் தட்டுகிறது. ஏற்றமே இல்லாத ஊரில் இருப்பவர் கேட்டால், இந்த ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை நல்ல டயரில் போடுங்கள் என்பேன்.

ட்யூப் வளையம் போன வாரம் ஓரத்தில் வெளுத்துக் கீறல் விட்டிருந்தது. மறுபடி பஞ்சர் கடைக்குப் போனேன். அண்ணன் மூன்றாக அரிந்து கொடுத்தார், காசு வாங்கவில்லை, டீ சொல்லச் சொன்னார். ஒன்றை மாட்டியிருக்கிறேன். மற்ற இரண்டும் சீட்டுக்கடியில் இருக்கும் பையில், மாற்றுப் பேட்டரியோடு கிடக்கின்றன.