மருமகனின் மூதாதையரைத் தேடித் தந்த தரவுத்தளம்

எங்கள் மூத்த மகள் மொன்றியலில் பிரெஞ்சுக் கனேடியர் ஒருவரை மணந்து வாழ்கிறாள். பாடசாலையில் பேரனைக் குடும்ப மரம் வரையச் சொன்னார்களாம். தாய்வழியைத் திருகோணமலையிலிருந்து நான் எழுதி அனுப்பினேன். அது என் பூட்டனாரோடு நின்றுவிட்டது. தந்தைவழியையும் தேடித் தருவதாகப் பேரனுக்கு வாக்களித்துவிட்டதால், எனக்குக் கைகொடுத்த சேவையைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

முதலில் சந்தா கட்டிச் சேர்ந்த வணிக இணையத்தளம் ஒன்று, யாரோ தொகுத்த மரத்தைச் சரிபார்க்காமல் அப்படியே காட்டியது. அதில் ஒரு பெண், தன் தாய்க்கு ஒன்பது வயதானபோது பிறந்திருந்தாள். அதன் பின்னரே மருமகனின் பெரிய தாயார் சொல்லி, மொன்றியல் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கிய வரலாற்றுக் குடித்தொகை ஆய்வுத் திட்டத்தின் தரவுத்தளத்துக்குச் சென்றேன்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1621 முதல் 1849 வரை எழுதப்பட்ட கத்தோலிக்கப் பங்குக் கோயில் பதிவுகளே இதன் அடித்தளம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய ஒவ்வொரு பதிவையும் வாசித்து, வெவ்வேறு பதிவுகளில் வருபவர் ஒரே ஆள்தானா என்று இனங்கண்டு, பெற்றோரோடும் துணையோடும் பிள்ளைகளோடும் இணைத்திருக்கிறார்கள். எங்கள் கோயில் பதிவேடுகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு இந்த வேலையின் பாரம் விளங்கும். திருமணப் பதிவில் பெரும்பாலும் இரு தரப்புப் பெற்றோரின் பெயர்களும் இருக்கும். பெண்களும் மணமான பின்னர் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்பட்டார்கள். ஆகவே திருமணத்திலிருந்து திருமணத்துக்கு ஏணிப்படி போல ஏறலாம்.

இடறிய இடம் பெயர்தான். அங்கே பல குடும்பங்களுக்கு 'எனப்படும்' என்ற பொருளுள்ள 'டி' என்ற சொல்லால் இணைந்த இரண்டாவது பெயர் உண்டு. படைவீரர்களுக்கு 'பூ' எனப் பொருள்படும் லாஃப்ளர், 'கவலையற்றவன்' எனப் பொருள்படும் சான்சூசி போன்ற பட்டப்பெயர்கள் வழங்கின. அண்ணன் ஒன்றையும் தம்பி மற்றொன்றையும் வைத்துக்கொள்வதுண்டு. நம் ஊர்களில் பட்டப்பெயர் சொன்னால்தான் வீட்டைக் காட்டுவார்கள் என்பதால் எனக்கு இது விந்தையாகப் படவில்லை. இத்தளம் இவ்விரு பெயர்களையும் எழுத்து வேறுபாடுகளையும் இணைத்துத் தேடுவதால், மூன்று பேராகத் தெரிந்தவர் ஒருவரே என்பது உறுதியானது.

மருமகனின் வழி, 1665இல் பிரான்சிலிருந்து கனடாவுக்குக் கப்பலேறிய கரிஞ்ஞான்-சாலியர் படைப்பிரிவின் வீரர் ஒருவரிடம் சென்று முடிந்தது. அவருடைய மனைவி, 1663க்கும் 1673க்கும் இடையில் பிரெஞ்சு அரசனின் செலவில் அங்கே அனுப்பப்பட்ட ஏறக்குறைய 770 பெண்களில் ஒருத்தி. அதே காலத்தில், 1672இல், பிரெஞ்சுத் தளபதி தெ லா ஹேயின் கப்பல்கள் திருகோணமலையை அடுத்த எங்கள் கொட்டியாரக் குடாவுக்கும் வந்தன. ஒல்லாந்தர் அவர்களை அவ்வாண்டிலேயே விரட்டிவிட்டார்கள். விரட்டாதிருந்தால் இங்கும் இப்படியொரு பதிவேடு இருந்திருக்குமோ என்று ஒரு கணம் எண்ணினேன்.

குறைகளும் உண்டு. 1849க்குப் பிற்பட்ட தலைமுறைகளை நாமே வேறு வழியில் கண்டுபிடித்து வரவேண்டும். பெரிய தாயாரின் பெட்டியிலிருந்த பழைய மரண அட்டைகள் இல்லாவிட்டால் நான் தொடக்கத்திலேயே நின்றிருப்பேன். கத்தோலிக்கர் அல்லாதோரின் வழியைத் தேடுவோருக்கு இதனால் பயன் சொற்பமே. முன்கூட்டிக் கட்டிய கட்டணம், திறந்து பார்க்கும் பக்கங்களின் எண்ணிக்கைப்படி கழிந்துகொண்டே போகிறது. எனவே தேடவேண்டிய பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு அமர்வது நல்லது.

பதிவுகள் நாளையும் பெயரையும் தரும், வாழ்வைத் தரா. அதற்கு அக்காலத்து நொத்தாரிசுமார் எழுதிய திருமண ஒப்பந்தங்களையும் காணி உறுதிகளையும் பார்க்கவேண்டும். அவை பழைய பிரெஞ்சுக் கையெழுத்தில் உள்ளன. அந்தப் படைவீரரின் ஒப்பந்தப் படியொன்றை மருமகன் அனுப்பியிருக்கிறார். இதுவரை என்னால் வாசிக்க முடிந்தது ஆண்டை மட்டுமே.