தட்டுவதா, ஸ்கேன் செய்வதா, நோட்டை நீட்டுவதா?

கைபேசியில் பணம் கட்டுவது என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் பல வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் ஆட்கள் ஏற்பதற்கும் ஒதுக்குவதற்கும் காரணம் வேறு வேறு.

பாதுகாப்பை மட்டும் பார்த்தால் என் ஓட்டு என்எஃப்சிக்குத்தான், அதாவது கடையில் உள்ள கருவியின் பக்கத்தில் போனைத் தட்டிப் பணம் கட்டும் முறைக்கு. 2014-ல் வந்த ஆப்பிள் பே இந்த வகை. அட்டையின் நிஜ எண் கடைக்குப் போவதில்லை, ஒரு மாற்று எண்தான் போகிறது. ஆனால் கடைக்காரர் அதற்கென ஒரு கருவி வைக்க வேண்டும், அட்டைக்கான கட்டணமும் அவர் தலையில். வாங்குபவரோ அட்டையையே தட்டிவிட்டுப் போய்விடலாம் என்றால் போனை எதற்கு எடுக்கப்போகிறார்?

க்யூஆர் கோடு 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவானது. கடைக்காரருக்கு ஒரு தாளில் அச்சடித்து ஒட்டினால் போதும், சீனாவிலும் இந்தியாவிலும் இது இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அந்தத் தாள் பெரிய காரணம் என்பேன். அதே தாள்தான் பலவீனமும்: மேலே வேறு ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் பணம் யாருக்கோ போய்ச் சேரும்.

கென்யாவில் 2007-ல் தொடங்கிய எம்-பெசா வேறு ரகம். சாதாரண பட்டன் போன் போதும், வங்கிக் கணக்கு வேண்டாம், முகவரிடம் நோட்டைக் கொடுத்தால் அது போனில் ஏறிவிடும். நகரத்தில் வேலை பார்ப்பவர் ஊருக்குப் பணம் அனுப்ப யாரையாவது நம்பிப் பேருந்தில் கொடுத்துவிட்டுக் காத்திருந்த இடத்தில்தான் இது நுழைந்தது. அவ்வளவு பெரிய தொல்லை தீரும்போது புது முறையைக் கற்றுக்கொள்ள யாரும் தயங்குவதில்லை.

சரி, நோட்டை விடாதவர்கள்? அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே எவ்வளவு செலவழித்தோம் என்ற தடம் பதிய வேண்டாம் என நினைப்பது நியாயமான விருப்பம். வீட்டில் ஒரே போனை நாலு பேர் பயன்படுத்தினால் ரகசிய எண் ரகசியமாகவா இருக்கும்?

அப்புறம், சிக்கிக்கொள்ளும் பணம். எனக்கே நடந்தது: என் கணக்கில் தொகை குறைந்துவிட்டது, கல்லாவில் இருந்தவருக்கு வரவில்லை, திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பின்னால் வரிசை நீள்கிறது. மறுபடி கட்டினால் இரண்டு முறை போய்விடுமோ என்று பயம். பணம் திரும்பி வந்தது, ஆனால் மூன்று நாள் கழித்து. அன்றிலிருந்து என் பர்ஸில் மடித்த நோட்டு ஒன்று எப்போதும் இருக்கிறது.