வேலரேட்டா, சிபியோனேட்டா? மாதவிடாய் நின்றபின் போடும் எஸ்ட்ரோஜன் ஊசிகள்

மாதவிடாய் நின்றபின் வரும் திடீர் உடல்சூட்டுக்கும் வியர்வைக்கும் அமெரிக்காவில் போடப்படும் எஸ்ட்ராடயோல் (எஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்) ஊசிகளில் முக்கியமானவை இரண்டு: வேலரேட் (டெலஸ்ட்ரோஜன்), சிபியோனேட் (டெப்போ-எஸ்ட்ராடயோல்). உடம்புக்குள் போனதும் இரண்டிலும் எஸ்ட்ராடயோலோடு ஒட்டியிருக்கும் அமில வால் அறுந்து எஸ்ட்ராடயோல்தான் மிஞ்சுகிறது. வேலரேட்டின் வாலில் 5 கார்பன், சிபியோனேட்டில் 8. வால் பெரிதென்றால் மருந்து, ஊசியில் அது கரைந்திருக்கும் எண்ணெயை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். 5 மி.கி. அளவில் வேலரேட் ஏறத்தாழ 2 நாளில் உச்சம் தொட்டு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். சிபியோனேட் 4 நாளில் உச்சம் தொட்டு, 11 நாள் வரை தாங்கும்.

மருந்தோடு வரும் குறிப்புச்சீட்டில் வேலரேட்டுக்கு 4 வாரத்துக்கு ஒருமுறை 10–20 மி.கி., சிபியோனேட்டுக்கு 3–4 வாரத்துக்கு ஒருமுறை 1–5 மி.கி. ஆகவே ஒன்றின் அளவை அப்படியே மற்றதற்கு எழுதவே கூடாது. முதல் வாரம் மார்பகங்களில் வலி, கடைசி வாரம் மறுபடி உடல்சூடு என்றால் அளவைக் கூட்டுவது சரியான வழியல்ல. அளவைக் குறைத்து இடைவெளியைச் சுருக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பெரிய ஆபத்து குப்பியில் இருக்கிறது. வேலரேட் ஒரு மி.லி.க்கு 10, 20, 40 மி.கி. என மூன்று வலிமையில் வருகிறது. 10 மி.கி. வேண்டுமென்றால் முதல் குப்பியில் 1 மி.லி., 40 குப்பியில் வெறும் 0.25 மி.லி. பழக்கத்தில் 1 மி.லி. இழுத்தால் நான்கு மடங்கு ஏறிவிடும். சிபியோனேட் ஒரு மி.லி.க்கு 5 மி.கி. வலிமையில் வருவதால் இந்தக் குழப்பம் குறைவு.

எண்ணெயையும் பாருங்கள்: வேலரேட் 10-இல் எள்ளெண்ணெய், 20-லும் 40-லும் ஆமணக்கெண்ணெய், சிபியோனேட்டில் பருத்திக்கொட்டை எண்ணெய். எள் ஒவ்வாமை உள்ளவருக்கு இதுவே முடிவைத் தீர்மானிக்கும். குளிரில் படிகம் கட்டினால் குப்பியை இளஞ்சூடாக்கிக் குலுக்கினால் கரைந்துவிடும். ஈர ஊசியால் வேலரேட் கலங்கினால் வீரியம் குறையாது.

இரண்டில் ஒன்று என்றால் ஏற்ற இறக்கம் குறைவான சிபியோனேட்டையே முதலில் யோசிப்பது நல்லது. ஆனால் தோல் தாங்குமென்றால் இரண்டையும்விடச் சீரான அளவைத் தருவது தோலில் ஒட்டும் எஸ்ட்ராடயோல் பேட்ச்தான். பேட்ச் ஒட்டாத, ஒத்துக்கொள்ளாத பெண்களுக்கே ஊசி. கருப்பை இருப்பவருக்கு எந்த வடிவமானாலும் புரோஜெஸ்டோஜன் (கருப்பை உள்தோலைக் காக்கும் ஹார்மோன் மருந்து) கூடவே வேண்டும், இல்லாவிட்டால் கருப்பை உள்தோல் தடித்துப் புற்றுநோய் அபாயம் கூடும். எஸ்ட்ராடயோல் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஊசி போட்டு எத்தனையாவது நாள் என்று எழுதி வையுங்கள். அது இல்லாத எண்ணை வைத்து அளவை மாற்ற முடியாது.